ஜாரில் வெட்டிய பெயர்

என் மகள் அபிதாவின் அடுக்களை காணல் சடங்குக்கு, அவள் புகுந்த வீட்டுக்கு நாங்கள் கொண்டுபோய்க் கொடுத்த மிக்ஸி, ஓராண்டுக்குள் இரணியல் பாத்திரக்கடை மேசையில் செத்துக் கிடக்கிறது. குழல்விளக்கு வெளிச்சத்தில் ஜாரில் வெட்டிய என் பெயர் மின்னுகிறது.

"கழட்டிப் பாக்க ஒரு ஸ்குரு இல்ல மாமா. வாரண்டி இருக்கதால கம்பெனி புதுசு தந்திருக்கு. பழச ஜாரோட குடுத்திருங்க," என்கிறான் கடைக்காரன் அனில்குமார்.

"அம்மைக்க கல்யாண மிக்ஸி இப்பவும் தேங்கா அரைக்குதே!" என்று அபிதா சிரிக்கிறாள். அதில் இருப்பது என் மாமனாரின் பெயர். "புதுசுலயும் உங்க பேர வெட்டணுமாப்பா?"

வெட்டாவிட்டால், இது யார் கொடுத்த சீர் என்று சம்பந்தி வீட்டில் கேட்பார்கள். வெட்டினால், இதுவும் நின்றுபோகும் அன்று என் பெயரைத்தான் வாசிப்பார்கள். அனில்குமாரின் கையில் பெயர் வெட்டும் கருவி இரைகிறது. என் தலை ஆமென்றும் வேண்டாமென்றும் அசைகிறது.