கம்ப்யூட்டரின் மத்தியானத் தூக்கம்

போலீஸ் சார்ஜன் கைப்பையைக் கவிழ்த்ததும் சீப்பு, பஸ் கார்டு, குடை எல்லாம் மேசையில் சிதறின. கடைசியாக விழுந்தது கடையின் சிவப்பு வெல்வெட் உறை. காணாமல் போன ஒட்டியாணம் அதற்குள்தான் இருந்தது. இப்போது காலியாகக் கிடந்தது.

கடையில் வேலை பார்க்கும் ஷாமினி முதலாளியிடம் ஓடினாள். "நான் எடுக்கல பாஸ்! சத்தியமா இது எப்படி என் பையில வந்துச்சுன்னே தெரியல."

கிள்ளானில் நகைக்கடை நடத்தும் பரமேஸ்வரன் ஒரு வார்த்தை திட்டவில்லை. அதுதான் அவளை இன்னும் பயமுறுத்தியது.

"மக மாதிரி வச்சிருந்தேன்மா," என்று கண்ணைத் துடைத்துக்கொண்டார். "பாலிஷ் போடக் கொடுத்த நகை. கஸ்டமருக்கு நான் என்ன பதில் சொல்வேன்? போலீஸ் ரிப்போர்ட் இல்லாம இன்சூரன்ஸ்காரனும் அசைய மாட்டான்லா."

சார்ஜன் ராதாகிருஷ்ணன் மேலே இருந்த கேமராவை அண்ணாந்து பார்த்தார். "ரெக்கார்டிங் இருக்கா?"

இருந்தால் ஷாமினி தப்பித்துவிடுவாள். ஆனால் கேமராவைப் பதிவுசெய்யும் அந்தக் கம்ப்யூட்டரின் லட்சணம் கடையில் எல்லாருக்கும் தெரியும். அதற்கு மத்தியானத் தூக்கம் பழகிப் போயிருந்தது. மர அலமாரிக்குள் காற்றே இல்லாமல் வெந்து, மதியம் ஆனால் தானாக அணைந்துவிடும்.

"கதவைத் திறந்து வைங்க பாஸ், காத்து படட்டும்," என்று ரிப்பேர்க்காரர் தலைபாடாக அடித்துக்கொண்டார். தூசி ஏறிவிடும் என்று சொல்லி, பரமேஸ்வரன் அலமாரியை மூடியே வைத்திருந்தார்.

ஒட்டியாணம் காணாமல் போனதும் நேற்று மத்தியானம்தான்.

"பாருங்க சார், இப்பவும் படுத்திருச்சு." மேசைமேல் இருந்த ஸ்கிரீனைக் காட்டினார் பரமேஸ்வரன். அது கறுத்துக் கிடந்தது. "நேத்தும் இதே கதைதான். ஒண்ணும் பதிஞ்சிருக்காது."

சார்ஜன் பெருமூச்சு விட்டார். "போலீஸ் பாலாய்க்கு வாம்மா. அங்க பேசிக்கலாம்."

தெலுக் பங்லிமா காராங்கில் ஷாமினியின் அம்மா ஷிப்ட் முடிந்து வீடு திரும்பியிருப்பாள். அவளிடம் யார் போய் என்னவென்று சொல்வது? அக்கம்பக்கத்தில் இனி தலைகாட்ட முடியுமா?

"அக்கா, நீங்களாவது சொல்லுங்கக்கா!" கல்லாவில் உட்கார்ந்திருந்த முதலாளியின் மனைவி வாணியைப் பார்த்துக் கதறினாள்.

வாணி தயங்கித் தயங்கி எழுந்தாள். "சார், ஸ்கிரீனை நான்தான் அணைச்சு வச்சிருக்கேன். சூடு கொஞ்சம் குறையட்டும்னு. உள்ள கம்ப்யூட்டர் ஓடிக்கிட்டுதான் இருக்கு."

சார்ஜன் நின்றார்.

வாணி கணவர் பக்கம் திரும்பினாள். நல்ல காரியம் செய்துவிட்ட பெருமை அவள் முகத்தில் தெரிந்தது. "ரிப்பேர்க்காரர் அவ்வளவு தூரம் சொன்னாரேங்க. நேத்துக் காலையிலயே அலமாரிப் பின்பலகையக் கழட்டிட்டு, அங்க சின்ன ஃபேன் ஒண்ணு வச்சேன். நேத்து முழுக்க அணையவே இல்ல. எல்லாம் பதிஞ்சிருக்கும்."

ஷாமினி விம்மி அழுதாள். சார்ஜன் போய் ஸ்கிரீனைத் தட்டிவிட்டார், வெளிச்சம் வந்தது.

பரமேஸ்வரன் மட்டும் ஸ்கிரீனைப் பார்க்கவில்லை. மனைவியின் கையை எலும்பு நோகப் பிடித்தார்.

"யாருடி உன்னை ஃபேன் வைக்கச் சொன்னா?"