பந்தக்கால் நட்ட பிறகு

வைகாசி வெயிலில், காவிரிப் பாலத்தின் ஸ்ரீரங்கம் முனையில் கார் நிற்கிறது. "முக்கொம்புல மீன் வறுவல், ஒயின், மரத்தடில தூக்கம். எல்லாம் உன் பிளான்தானே, ஏறு மாப்ள," என்கிறான் பீமராவ். அரவிந்தன் ஏறவில்லை. காலையில் வீட்டில் பந்தக்கால் நட்டுவிட்டார்கள். இனி தாலி கட்டும்வரை மாப்பிள்ளை ஆறு தாண்டக்கூடாது என்று அம்மா சொல்லிவிட்டாள். "ஆத்துல தண்ணியே இல்லையேடா." "மணலா கிடந்தாலும் ஆறுதானாம்." பெண் பார்த்தது, நாள் குறித்தது எல்லாம் பெரியவர்கள். இந்தக் கல்யாணத்தில் அவனாகக் கேட்டது நண்பர்களோடு இந்த இரண்டு நாளைத்தான். தானே அரைத்த மீன் மசாலா டப்பாவை ஜன்னல் வழியே நீட்டுகிறான். "உப்பு போட்டிருக்கு, மறுபடி போட்டுடாதீங்கடா." "வீடியோ கால் பண்றோம் மாப்ள." கார் பாலமேறிப் போகிறது. கீழே மணலில் ஒரு நாய், இந்தக் கரையிலிருந்து அந்தக் கரைக்கு நிதானமாக நடந்து போகிறது.