மூன்றாவது தடவை உரிந்த தரை

"மூணாவது தடவையா உரியுது! பெயின்ட்ல என்னத்தைக் கலந்து தொலைக்கிறே?" மர்கிலான் நகரில் தன் வீட்டு சிமென்ட் முற்றத்தில் நின்று கத்தினாள் சனோபர்.

பெயின்டர் துர்சுன் தரையில் ஒரு கொப்புளத்தைக் கீறினான். அடியில் ஈரம்.

"காயுற வரைக்கும் சொட்டுத் தண்ணி படக்கூடாதுன்னு தலைப்பாடா அடிச்சுக்கிட்டேனே அக்கா! யாரோ தெளிச்சிருக்காங்க."

"யாரு தெளிப்பா?"

"வேற யாரு? உங்க புது மருமகதான். விடியறதுக்கு முன்னாடியே தண்ணி தெளிச்சுப் பெருக்குறாளாம். விளக்குமாத்துச் சத்தத்தைக் கேட்டுத் தெருவே மெச்சுது. கூப்பிடுங்க, நானே கேக்குறேன்."

"ஐயோ, அவளை எழுப்பாதே!"

வெயில் நன்றாக ஏறியிருந்தது. துர்சுன் திருதிருவென விழித்தான். "இன்னுமா தூங்குது? அப்ப பெருக்கினது?"

சனோபர் தெருக்கதவைச் சாத்திவிட்டு வந்தாள். குரல் இறங்கிவிட்டது.

"மசக்கைப்பா. எழுந்தாலே வாந்தி. விடியறப்ப விளக்குமாத்துச் சத்தம் கேக்கலைன்னா, புது மருமக சோம்பேறின்னு இந்தத் தெரு அவளை மென்னு துப்பிடும். அதான் நானே தெளிச்சுப் பெருக்கி..."

துர்சுன் தலையில் அடித்துக்கொண்டு பெயின்ட் டப்பாவை மறுபடி திறந்தான்.

"சத்தம்தானே வேணும்? நாளையிலேர்ந்து விளக்குமாத்தைச் செவுத்துல தேயுங்க!"