தாழ்ப்பாள்

"ஓட்டுக்குக் கும்பிட்ட கைக்கு, பொதுக் கக்கூஸ் கதவுல ஒரு தாப்பா மாட்ட வராதோ? மழைக்கு முன்னால ஒடஞ்சது. முட்டுவலியோட, கதவுக்கு வாளிய அண்டக் குடுத்துட்டு உக்காருதேன். வெக்கங்கெட்ட பய."

திட்டியவளின் குரலில் துளிக் கோபமில்லை. ரயில் வருவதை அறிவிப்பவள் போல நிதானமாகச் சொல்லி முடித்தாள்.

"இன்னொரு தடவ போடு," என்றார் கவுன்சிலரின் ஆள் வெயிலுமுத்து.

ஸ்டெர்லின் செல்போனை மறுபடி அழுத்தினான். தாராவியில் அவர்கள் சந்தின் வாட்ஸப் குழுவுக்கு அவன்தான் அட்மின். படித்தது இந்தி மீடியம். தமிழில் எது வந்தாலும் போனையே வாசிக்கவிட்டுக் கேட்பான்.

"விமர்சிக்கலாம், மரியாத கொறையக் கூடாதுன்னு ரூல் போட்டது யாருல?"

"நாந்தான். ஆனா தாப்பா இல்லங்கிறது நெசந்தான, அண்ணாச்சி?"

"தாப்பாவ யாரு கேட்டா? 'வெக்கங்கெட்ட பய'ங்கிறது விமர்சனமா? உனக்கு வேல வாங்கிக் குடுத்த மனுசன்ல கவுன்சிலரு."

ஸ்டெர்லின் தலையைக் குனிந்துகொண்டான். செய்தியைப் போட்டவள் பக்கத்து வீட்டுக் கலைச்செல்வி. காலையில்தான் சயான் ஸ்டேஷனில், கிளம்பிவிட்ட லோக்கல் ரயிலில் தாவி ஏறினாள். இவளுக்கு ஏது முட்டுவலி? பொய்யும் கலந்துதான் எழுதியிருக்கிறாள். அப்படி நினைத்துக்கொள்வது அவனுக்குச் சௌகரியமாக இருந்தது.

செய்தியை அழித்தான். கலைச்செல்வியைக் குழுவிலிருந்து நீக்கினான். 'நாகரிகமில்லாத பேச்சுக்கு இங்க இடமில்ல' என்று தன் குரலிலேயே பேசி, குழுவுக்கு அனுப்பினான்.

"இது ஆம்பளைக்கு அழகு," என்று வெயிலுமுத்து தோளில் தட்டினார். தட்டிய இடம் வீடு வரைக்கும் உறுத்தியது.

சந்தில் கலைச்செல்வி எதிரே வந்தாள். சண்டை பிடிப்பாள் என்று பயந்தான். அவளோ சுவரோடு ஒண்டி வழிவிட்டாள். அதற்கு அவள் இவனை ரெண்டு அறை விட்டிருக்கலாம்.

வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றும்போது பின்னால் வாளிச் சத்தம். அவன் அம்மா ஏஞ்சலம்மாள், சுவரைப் பிடித்துப் பிடித்து நொண்டியபடி வந்துகொண்டிருந்தாள். போன் என்றால் தொடக்கூடப் பயப்படுகிறவள். ஆனால் இன்று அவள் முகத்தில் அப்படியொரு பெருமை.

"ஏல ஸ்டெர்லினு, நான் சொல்லச் சொல்ல கலைச்செல்வி போன்ல எழுதிப் போட்டாளே, தாப்பா விசயம்... நீ படிச்சியால?"