வாசல் சொன்ன மதிப்பெண்

"வணக்கம் சுடர்விழி, நூற்றுக்கு நாற்பத்தொன்று!" என்று அடுக்ககத்தின் வாசல் கதவு கூவியது. எம்.பி.ஏ. நுழைவுத் தேர்வில் அவள் வாங்கிய மதிப்பெண் அது. தேர்வு எழுதும் பிள்ளைகளின் மதிப்பெண்ணைக் கதவே அறிவிக்க வேண்டும் என்று தீர்மானம் போட்டவர் சங்கச் செயலாளர் வரதராஜுலு.

"ரோஷம் வந்தாத்தாம்மா படிப்பு வரும்," என்று எல்லோர் முன்னாலும் சிரித்தார்.

ரோஷம் வந்தது. ஆனால் சுடர்விழி பாடப் புத்தகத்தைத் தொடவில்லை. சங்க விதிகளைக் கரைத்துக் குடித்தாள். அடுத்த பொதுக்குழுவில் எழுந்து, "பெரியவங்களும் இந்தத் தேர்வை எழுதி எங்களுக்கு வழி காட்டட்டுமே," என்றாள். போண்டா ஆறிவிடும் அவசரத்தில் எல்லோரும் கை தூக்கினார்கள். மறுக்க முடியாமல் செயலாளரும் தூக்கினார்.

முடிவு வந்த வாரமே அவர் பதவியை விட்டார். இப்போது தினமும் பால் வண்டிக்குப் பின்னால் பதுங்கி உள்ளே வருகிறார். ஆனாலும் கதவு அவரைச் சும்மா விடுவதில்லை. "வணக்கம் வரதராஜுலு, நூற்றுக்கு ஒன்பது!"

"சத்தத்தையாவது கொறைக்கக் கூடாதாம்மா?" என்று நேற்று கெஞ்சினார்.

புதிய செயலாளர் சுடர்விழி சத்தத்தை உச்சத்துக்கு ஏற்றினாள். அவளுடைய நாற்பத்தொன்றும் இனி தெருமுனை வரை கேட்கும்தான். கேட்கட்டும். பக்கத்தில் ஒன்பது நிற்கும்போது அது எவ்வளவு பெரிய எண்!