இடுப்பில் கிடந்த ஈயம்

அடையாற்றில் ஒரு மருத்துவமனை அறை. கம்ப்யூட்டர் திரையின் வெளிச்சம் ரத்னாவின் முகத்தில் விழுகிறது. எக்ஸ்ரேயில் அவள் கணவன் அசோகனின் இடுப்பு மூட்டு; அதற்குள் நொய்யரிசி சிதறியதுபோல வெள்ளைத் துணுக்குகள். "துப்பாக்கிக் குண்டோட சிதறல். ஈயம் கரைஞ்சு ரத்தத்துல கலந்துட்டே இருக்கு. வயித்துவலி, கைநடுக்கம் எல்லாம் அதாலதான்," என்கிறார் டாக்டர் நீரஜா. ரத்னா திரையை விட்டுக் கணவனைப் பார்க்கிறாள். அவன் இடுப்பில் கல்யாணத்துக்கு முன்பே இருந்த தழும்பு, கடலில் படகு இன்ஜின் கிழித்தது என்றுதான் இத்தனை வருஷமும் சொல்லியிருக்கிறான். "இன்னாய்யா, இன்ஜின்ல குண்டா கீது?" வெளியே ஒரு பஸ் ஹாரன் நீளமாக அடித்து ஓய்கிறது. அசோகன் நடுங்கும் விரல்களால் சட்டையைக் கீழே இழுத்துவிட்டுக்கொண்டு கதவைப் பார்க்கிறான். "மேடம், இத போலீசாண்ட சொல்லுவீங்களா?" அவன் தோளில் இருந்த ரத்னாவின் கை மெல்ல இறங்குகிறது. "முதல்ல ஈயத்தை வெளியேத்த மருந்து, அப்புறம் ஆபரேஷன். துணுக்கை எடுக்கலைன்னா மறுபடியும் ஏறும்," என்கிறார் டாக்டர். "ஆபரேஷன் வேணாம் மேடம். மருந்து மட்டும் குடுங்க," என்கிறான் அவசரமாக. ரத்னா தன் நாற்காலியை டாக்டர் பக்கம் நகர்த்திப் போட்டுக்கொள்கிறாள். "எடுத்துடுங்க மேடம். எடுத்தத என் கையில குடுங்க."