தோளில் ஈரம்

தையற்காரரின் மகனுக்குக் குடித்த பால் வயிற்றில் தங்காது. கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுத்து, அரை மணி நேரம் தோளில் நிமிர்த்திப் பிடிக்கச் சொல்லி, மருந்தும் எழுதிக் கொடுத்தார் டாக்டர். அப்படியும் மூன்றாம் மாதம் புரையேறி இறந்துபோனான். அடக்கம் செய்து ஒன்பது நாளாகிறது. தினமும் காலை பத்து மணிக்குத் தையற்காரரின் இடது தோளில் புளித்த பால் வழிகிறது.

மனைவி துண்டோடு வந்தாள்.

"இன்னைக்கும் கக்கிட்டானா? ஊருக்கெல்லாம் தோள் அளவு எடுக்கிறீங்க, பெத்த புள்ளைய நிமித்திப் பிடிக்கத் தெரியல."

"அரை மணி நேரம் எழுந்து நின்னுதான் பாக்குறேன்."

"நின்னா போதுமா? மருந்து குடுத்தீங்களா?"

"கண்ணுல பட வேண்டாம்னு அவன் போன அன்னைக்கே எல்லாத்தையும் கொட்டிட்டேனேம்மா."

அவள் தோளைத் துடைத்தாள். பால் இன்னும் வெதுவெதுப்பாக இருந்தது.